காட்டெருது அந்தஸ்து கோரி லிங்கியிலிருந்து ஒரு மனு

பெறுநர்: நெதர்லாந்து தேசியப் பூங்காக்களின் நிர்வாகத்தார்.

அனுப்புநர்: மலேசியாவின் லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள், அங்கே பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போனவர்கள், அங்கிருந்து நோட்டீஸ் வாங்கியவர்கள்.

நகல்: தோட்ட நிர்வாகம், நில மேம்பாட்டாளர், மாநில அரசு, எங்கள் இனத்தின் தலைவர்கள் (படிக்க நேரமிருந்தால்).

பொருள்: எங்களைக் காட்டெருதுகளாகக் கருதி ஆவன செய்யக் கோருதல்.

ஐயன்மீர்,

முன்பின் தெரியாதவர்களிடம் மனுப் போடுவது எங்களுக்கு வழக்கமில்லை. உங்களை எங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். லிங்கி ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில், மலாக்காப் பக்கத்துக் குன்றில், உங்கள் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. 1757-இல் உங்கள் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. பத்தாவியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த யாக்கோப் மோசலின் மகள் பெயரால் பிலிப்பினா கோட்டை என்றார்கள். செல்லமான பெயர்தான். செய்த வேலை வேறு. உள்நாட்டிலிருந்து ஆற்று வழியே இறங்கும் ஈயம் வேறு எவன் கைக்கும் போய்விடாமல் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அதன் வேலை. 1758-இல் லிங்கியில் இருந்த பூகிஸ் தலைவர் டாயேங் கெம்போஜாவோடு ஒப்பந்தமும் போட்டீர்கள். ஈயம் கம்பெனிக்கே என்றது ஒப்பந்தம்.

அப்போது நாங்கள் இங்கே இல்லை. தமிழர்களான எங்களைக் கப்பலேற்ற இன்னும் நூறு வருஷம் இருந்தது. ஆனாலும் இந்த ஆற்றோரத்தில் மண்ணுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் யாருக்குச் சேரவேண்டும் என்ற பாடத்தை முதலில் எழுதிக் காட்டியவர்கள் நீங்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரத் துரைமார்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த நம்மூர்த் துரைமார்களும் அதே பாடத்தைத்தான் நகல் எடுத்தார்கள். ஆகவே தலைமை ஆசிரியரிடமே நேராக வந்திருக்கிறோம்.

உங்கள் பூங்காக்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டோம். இயற்கையை நீங்கள் போற்றும் விதம் உலகப் பிரசித்தம். கொஞ்சம் விசாரித்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஏனென்றால் அந்த இயற்கையில் பெரும்பங்கு இயற்கையே அல்ல!

பெலூவே மேட்டில் பாலைவனம்போல் பறக்கிற மணல் இருக்கிறதே, அது ஆண்டவன் கொட்டியதல்ல. நூற்றாண்டுக் கணக்கில் மரத்தை வெட்டி, ஆடு மேய்த்து, புல்வேரைக்கூட விடாமல் சுரண்டியதால் மண் கிளம்பிப் பறந்தது. அந்த மணலும் புதர்க்காடும் இன்று ஹோகே பெலூவே பூங்காவின் பெருமை. பியேஸ்போஸ் பூங்கா, 1421-இல் அணை உடைந்து ஊர்களை வெள்ளம் விழுங்கிய இடம். வேரிபென் பூங்காவின் அழகான நீர்க்கால்வாய்கள், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியவர்கள் விட்டுப்போன குழிகள். ஊஸ்ட்பார்டர்ஸ்பிளாசன் 1968-இல் கடலடியை இறைத்து எடுத்த நிலம். தொழிற்சாலை கட்டுவதற்கு ஒதுக்கியது. தொழிற்சாலை வரவில்லை, வாத்து வந்தது, பூங்காவாகிவிட்டது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை, பாராட்டுகிறோம். மனிதன் வெட்டியது, தோண்டியது, இறைத்தது, கெடுத்தது எல்லாவற்றையும் ஒரு வேலி போட்டு, ஒரு பலகை நட்டு, தேசத்தின் சொத்து என்கிறீர்கள். பலகையில் கரிமண் வெட்டியவனின் கதையும் இருக்கிறது. அணை கட்டியவன் கதையும் இருக்கிறது. கைபட்ட மண்ணுக்கு மதிப்பு உண்டு என்பது உங்கள் கொள்கை.

அந்தக் கொள்கைப்படி பார்த்தால் லிங்கிக்கு இதற்குள் மூன்று பூங்கா கிடைத்திருக்க வேண்டும். இங்கே கைபடாத அங்குலம் கிடையாது. காட்டை வெட்டினோம். காப்பி போட்டார்கள், நட்டோம். காப்பி விழுந்தது, ரப்பர் என்றார்கள், அதையும் நட்டோம். லண்டனில் பதிவான லிங்கி பிளான்டேஷன்ஸ் கம்பெனியின் பங்குகளை 1910-இன் ரப்பர் ஜுரத்தில் சீமைக்காரர்கள் அடித்துப்பிடித்து வாங்கியபோது, அந்தப் பங்குக்குப் பால் சுரந்த மரத்தடியில் இருட்டோடு இருட்டாக நின்றவர்கள் எங்கள் பாட்டிமார். பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை என்றார்கள். சாய்த்தவர்களும் நாங்கள், நட்டவர்களும் நாங்கள். மலேரியாவில் செத்து எரு ஆனவர்களும் நாங்களே. ஒரு நிலப்பரப்பை மூன்று தடவை உருமாற்றிக் கொடுத்திருக்கிறோம். கரிமண் வெட்டியவனுக்குப் பலகை உண்டென்றால், பால் வெட்டியவனுக்கு ஒரு சீட்டாவது வேண்டாமா?

சீட்டு வந்தது. காலி செய்யச் சொல்லி.

இங்கே இந்த மண்ணுக்குப் பெயர் நிலப்பரப்பு அல்ல, நில இருப்பு. வங்கியில் பணம் இருப்பதுபோல் கம்பெனிக் கணக்கில் நிலம் இருக்கிறது. செம்பனை விலை இறங்கினால், சிரம்பானும் போர்ட்டிக்சனும் வீங்கினால், நெடுஞ்சாலையில் பெடாஸ் லிங்கி வாயில் திறந்தால், இருப்பை எடுத்துச் செலவழிக்க வேண்டியதுதான். வீடமைப்புத் திட்டம் வரும். தொழிற்பேட்டை வரும். குழிப்பந்துத் திடல் வரும். அந்தத் திட்டத்தின் வண்ணப் படத்தில் மரங்கள் இருக்கும், ஏரி இருக்கும், குழந்தையோடு ஒரு குடும்பம் நடந்து போகும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் குடும்பம் மட்டும் இருக்காது. அது படத்துக்கு வெளியே, மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு ஆறுதலடைவோம். அந்த வசதியும் போய்விட்டது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியை மலேசியா ஒரே மூச்சில் வாங்கியது. விடியல் தாக்குதல் என்று பெயர் சூட்டி நாடே நெஞ்சை நிமிர்த்தியது. நாங்களும் நிமிர்த்தினோம். தோட்டம் நம்முடையதாகிவிட்டதாம். மறுநாள் பெரட்டுக்களத்தில் பார்த்தால் அதே நிரை, அதே வாளி, அதே தண்டல். துரையின் தோல் நிறம் மாறியதைத் தவிர விடியல் எங்கள் லயத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. இணைப்புகள் நடந்தன, பெயர்கள் மாறின. கத்ரியை உள்வாங்கிய சைம் டார்பி பிளான்டேஷன் 2024-இல் தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது. விரட்டிப் பிடித்து வாங்கிய வெள்ளைக்காரன் பெயரை 43 வருஷம் கழித்து விரும்பிச் சூடிக்கொண்டார்கள். ஒரு கம்பெனிப் பெயருக்குக்கூட இந்த நாட்டில் மறுவாழ்வு இருக்கிறது.

இப்போது மனுவின் மையத்துக்கு வருகிறோம்.

ஹார்லம் நகருக்குப் பக்கத்தில் மணற்குன்றுகள் நிறைந்த உங்கள் தென் கென்னமர்லாந்து பூங்கா. 2007-இல் அங்கே ஐரோப்பியக் காட்டெருதுகளைப் போலந்திலிருந்து வரவழைத்தீர்கள். எதற்கு? புல்லும் புதரும் மண்டி மணற்குன்றை மூடாமல் மேய்வதற்கு. உள்ளூரில் ஆள் இல்லாத வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எங்களையும் இதே காரணத்துக்குத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள். அங்கே புதர், இங்கே காடு. அங்கே ஆய்வாளர், இங்கே கங்காணி. வேலை விஷயத்தில் காட்டெருதும் நாங்களும் ஒரே இனம். கூலி விஷயத்தில்தான் பிரிந்துவிட்டோம். மேய்ந்து முடித்தாயிற்று, குன்றைக் காலி செய் என்று இன்றுவரை எந்தக் காட்டெருதுக்கும் நோட்டீஸ் போகவில்லை. கன்று போட்டால், அந்தக் கன்று வேலைக்கு வராவிட்டால் தாய்க்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் அதுதான் சட்டம். அப்பாவுக்கு வயதாகிவிட்டதா, பிள்ளை அதே தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் வீட்டுச் சாவியைக் கொடு.

போலந்துக் காட்டெருதின் குடியுரிமையை எவரும் கேட்கவில்லை. எங்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே தலை நரைத்து, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு சுடுகாட்டுக்குப் போன கிழவிகள் எத்தனையோ பேர். பிறப்புப் பத்திரம் இல்லையாம். தோட்டத்து மருத்துவச்சி பிள்ளையை எடுத்தாள், பத்திரம் எழுதவில்லை. காட்டெருதாகப் பிறந்திருந்தால் கன்று விழுந்த அன்றே பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள்.

அதே பூங்காவில் ஒரு மாளிகையும் இருக்கிறது. டாய்ன் என் கிராய்ட்பெர்க். 1907-க்கும் 1909-க்கும் இடையில் யாக்கோப் தியோடோர் கிரேமர் கட்டியது. இன்று ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் பூங்கா. கிரேமர் யார்? நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில், 1869-இல் தொடங்கிய டெலி புகையிலைக் கம்பெனியின் பெரிய தலை. பிறகு உங்கள் நாட்டின் குடியேற்ற நாடுகள் அமைச்சர். தோட்டத்தை விட்டு ஓடுகிற கூலியைச் சிறையில் போடச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர். 1880-இல் கூலிச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை மீறுவது குற்றமாயிற்று. சீனர், ஜாவானியர், அவர்களோடு எங்கள் தமிழரும் அந்த டெலி மண்ணில் கிடந்தார்கள். மேடான் நகரத்து மாரியம்மனைக் கேளுங்கள், சொல்லுவாள். 1902-இல் வழக்கறிஞர் வான் டென் பிராண்ட் அந்தக் கொடுமைகளை அச்சிட்டார். அரசாங்கம் ரெம்ரெவ் என்ற அதிகாரியை விசாரிக்க அனுப்பியது. 1904-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அதை அப்படியே பூட்டி வைத்தார்கள். யான் பிரேமன் என்ற ஆய்வாளர் 1987-இல் வெளிக்கொண்டு வரும்வரை 80 வருஷத்துக்கு மேல் அது உறங்கியது. அருகிவரும் பறவைகளின் முட்டையைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் காத்ததில்லை.

ஆக, டெலியில் காட்டை அழித்த பணம் கென்னமர்லாந்தில் மாளிகையாயிற்று. மாளிகையைச் சுற்றியிருந்த தோப்பும் மணலும் காக்கப்பட்ட இயற்கையாயிற்று. இரும்புத் தாதுவும் கப்பலுமாகச் சம்பாதித்த குரோலர் முல்லர் தம்பதி வேட்டைக்கென்று வாங்கி வேலி போட்ட நிலம்தான் 1935-இல் ஹோகே பெலூவே தேசியப் பூங்காவாயிற்று. மான் சுடும் மாளிகை அங்கே இன்னும் நிற்கிறது. பூங்கா என்பது எங்கோ ஒரு காட்டை வெட்டச் சொன்னவன் தன் வீட்டுக்குப் பின்னால் மிச்சம் வைத்தது. வெட்டியவனுக்குப் பின்னால் வீடே இல்லை. அதனால்தான் அவனுக்குப் பூங்கா அமையவில்லை.

உங்கள் மக்களின் இரக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊஸ்ட்பார்டர்ஸ்பிளாசனில் மாடு, குதிரை, செம்மான்களை வேலிக்குள் விட்டு இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஒதுங்கினீர்கள். 2017-18 குளிர்காலத்தில் தீனி போதாமல் 3,000-க்கு மேல் மாண்டன. பெரும்பாலானவற்றைப் பட்டினியில் துடிக்கவேண்டாமென்று சுட்டார்கள். ஊர் கொதித்தது. ஜனங்கள் வேலிக்கு மேலாக வைக்கோலை வீசினார்கள். ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள். மாகாண அரசு கொள்கையையே மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கே 1980-க்கும் 2000-க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மூன்று லட்சம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தலையை எண்ணக்கூட ஒரு காவலர் இல்லாததால் பொதுவாகத்தான் சொல்ல முடிகிறது. யார் வைக்கோல் வீசினார்கள்? இல்லை, வீசினார்கள். தவறாகச் சொல்லக்கூடாது. தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டை வீசினார்கள். தீபாவளிக்கு முறுக்கு மாவும் சமையல் எண்ணெயும் போட்ட ஹேம்பர் பை வீசினார்கள். எண்ணெய் எங்கள் செம்பனையில் பிழிந்ததே. பையின் மேல் தலைவர் சிரிக்கும் படம். மாட்டுக்கு வைக்கோல் போட்ட டச்சுக்காரன் தன் படத்தை அதில் ஒட்டவில்லை என்று கேள்வி.

சட்டம் ஒன்றுமே தரவில்லை என்றும் சொல்லமாட்டோம். ஆள்குறைப்புக்கு 1980-இன் விதிகள் உண்டு. ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் கூலி. 30 வருஷம் மரத்தடியில் குனிந்தவருக்கு 600 நாள் கூலி. ஒரு வாழ்நாளுக்கு இரண்டு வருஷம்கூட வராது. லிங்கி ஆற்று முதலைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2010-இன் வனவிலங்குச் சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. ஆற்றைக் காலி செய்யச் சொல்லி அதற்கு நோட்டீஸ் அனுப்பினால் அனுப்பியவன்தான் கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

இடையில் ஒருமுறை நாங்களும் உங்களைப்போல் செய்துபார்த்தோம். ஆம்ஸ்டர்டாம் நகரம் நார்டர்மேர் ஏரியில் குப்பை கொட்டப் போகிறது என்றதும் 1905-இல் உங்கள் ஆட்கள் சங்கம் கூட்டி, மறுவருஷம் ஏரியையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். இங்கே 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால் வெட்டியவர்களின் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நீங்கள் ஏரியை வாங்கியது உலகச் சூழலியல் வரலாற்றில் ஒரு அத்தியாயம். கூலி வாங்குகிறவன் தோட்டம் வாங்கிய கதை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. அந்தப் பள்ளிக்கூடங்களும் 1957-இல் 888 இருந்தன. இப்போது 530-ஐ ஒட்டி நிற்கின்றன.

இப்போது ஐரோப்பா காடழிப்புக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2023-இல் நிறைவேறி, நடைமுறை தள்ளித்தள்ளிப் போகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் செம்பனை எண்ணெய்க்கு ரோட்டர்டாம்தான் பெரிய வாசல். அந்த வாசலில் நின்று, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்திலிருந்து வந்த எண்ணெயா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தேதி இன்னும் நல்ல தேதி. அதற்கு முன்னால் வெட்டியதெல்லாம் மன்னிக்கப்பட்டது. டெலியில் வெட்டியது, லிங்கியில் வெட்டியது, கிரேமர் வெட்டச் சொன்னது எல்லாம் தேதிக்கு அந்தப் பக்கம் சுகமாகத் தூங்குகின்றன. பாவம் செய்து முடித்தவன் பாவத்துக்குக் கடைசித் தேதி குறிக்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இதைப் படித்ததும் எங்கள் அமைச்சர் எவரேனும் கை தட்டினால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஐரோப்பியரின் பாசாங்கு என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களுக்கு உங்கள் பாசாங்கு ஒரு நல்ல குடை. சிறு தோட்டக்காரனுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். லயத்துக்காரனுக்காக ஒரு சொட்டு கிடையாது. உங்கள் குற்றம் பழையது, ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர்கள் குற்றம் இந்த வாரத்தது, நில அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் தட்டில் வைத்தால் முள் எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயவில்லை.

ஆகவே கோருவது:

ஒன்று. லிங்கி வட்டாரத் தோட்டத் தமிழரை அழிந்துவரும் உயிரினமாக அறிவிக்க வேண்டும். இவர்களின் இடத்தில் இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் கொண்டுவந்து இறக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களையும் முன்கூட்டியே பட்டியலில் சேர்த்துவிட்டால் இன்னொரு மனுவுக்குத் தாள் மிச்சம்.

இரண்டு. 1627-இல் அழிந்துபோன பழங்காட்டெருதை ஜெர்மனியின் ஹெக் சகோதரர்கள் வீட்டு மாடுகளைக் கலந்து மறுபடி உண்டாக்கப் பார்த்ததுபோல், எங்களையும் எதிர்காலத்தில் மறுபடி உண்டாக்கும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவை இப்போதே மிச்சப்படுத்தலாம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம்.

மூன்று. மானும் மற்ற விலங்குகளும் ரயில் பாதையையும் சாலையையும் கடக்க ஹில்வர்சம் பக்கத்தில் 800 மீட்டர் நீளத்துக்குப் புல்பாலம் கட்டியிருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் கடக்க எங்களுக்கு எந்தப் பாலமும் கட்டப்படவில்லை. தூக்கி வீசினார்கள்; விழுந்த இடம் புறம்போக்கு, பிறகு அடுக்குமாடி, பிறகு பிள்ளைகளுக்குப் போலீஸ் ஸ்டேஷன். பாலத்தின் வரைபடம் ஒன்று அனுப்பினால் நன்றியுடையோம்.

நான்கு. காட்டெருதுக்கு உள்ள உரிமைகள் மட்டும் போதும். வேலை செய்த இடத்தில் சாகும் உரிமை. குட்டியோடு இருக்கும் உரிமை. எண்ணப்படும் உரிமை.

இந்த மனு தப்பான முகவரிக்குப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சரியான முகவரிக்கு எழுதிய மனுக்கள் தோட்ட அலுவலகத்திலும் நில அலுவலகத்திலும் எம்.பி. அலுவலகத்திலும் தூசி குடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த மனுக்களில் கிண்டல் கிடையாது. தோட்டத்தை விற்பதற்கு முன்னால், மூன்று தலைமுறை இருந்த குடும்பத்துக்கு அதே மண்ணில் ஒரு வீட்டு மனை, பட்டாவோடு. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் நிலம், அவற்றின் பெயரிலேயே. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு மூலை. இதற்குப் பூங்கா வேண்டாம், காட்டெருது வேண்டாம், நெதர்லாந்து வேண்டாம். மாநில அரசு இருக்கும் சிரம்பானில் ஒரு கையெழுத்துப் போதும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர்கள் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். நிலத்தை மேம்பாட்டாளருக்கு மாற்றிக் கொடுத்தபோது அதே பேனா நன்றாகத்தான் எழுதியது.

இப்படிக்கு,
மூன்று முறை லிங்கியின் நிலத்தை மாற்றிக் கொடுத்தவர்கள்.